ஐரோப்பா மறந்துபோன டொர்னாடோக்கள்

கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனரைப் பள்ளிப் புவியியல் பாடத்திலேயே நமக்குத் தெரியும். ஆனா அவர் ஒரு வானிலையாளர் என்பது பலருக்குத் தெரியாது. முதல் உலகப்போரில் காயம்பட்டு, பிறகு ஜெர்மன் ராணுவத்தின் வானிலைப் பிரிவில் வேலை பார்த்தவர், 1917-இல் ஐரோப்பிய டொர்னாடோக்களைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். 1456 முதல் 1913 வரை நடந்த 258 சம்பவங்களைத் திரட்டி, ஐரோப்பாவில் ஆண்டுக்குக் குறைந்தது 100 டொர்னாடோ வரும் என்று கணக்குப் போட்டார்.

நூறா? டொர்னாடோ என்றாலே ஓக்லஹோமா, கன்சாஸ் என்றுதானே நினைக்கிறோம்? ஐரோப்பியர்களே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெகனர் இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த பிறகும் அது எப்படி மறந்துபோனது என்ற கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

வெகனருக்கு ஒரு வாரிசும் இருந்தார். எஸ்தோனியாவின் தார்த்து நகரில் யோகன்னஸ் லெட்ஸ்மன். காட்டில் மரங்கள் எந்தத் திசையில் விழுந்து கிடக்கின்றன என்று பார்த்து, சுழல்காற்று எப்படி வீசியிருக்கும் என்று கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கியவர். 1930-களின் இறுதியில், டொர்னாடோவை எப்படி ஆராய்வது என்று சர்வதேச வானிலை அமைப்புக்காக வழிகாட்டுதல்களும் எழுதினார். அடுத்து இரண்டாம் உலகப்போர் வந்தது. அவருடைய வேலை அதோடு நின்றது, பெயரும் மறந்துபோனது.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் கதை வேறு. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னாடோ தாக்கியது. ஐந்தே நாளில், மார்ச் 25 அன்று, ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் அதே தளத்துக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலையே இன்னொரு டொர்னாடோ வந்தது! அதற்குப் பிறகு அங்கே கடும் இடிமழைக்கென்றே தனி முன்னறிவிப்பு மையம் உருவானது.

ஐரோப்பாவில் ஏன் அப்படி நடக்கவில்லை? போர் மட்டும் காரணமில்லை. ஜெர்மானியர் 'வின்ட்ஹோசே' என்பார்கள், பிரெஞ்சுக்காரர் 'த்ரோம்ப்', இத்தாலியர் 'த்ரோம்பா தாரியா', ரஷ்யர் 'ஸ்மேர்ச்'. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வானிலைத் துறை, தனிப் பதிவேடு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல் நாலு நாட்டை ஒரே நேரத்தில் மூடும். எல்லா நிலையத்திலும் பதிவாகும். டொர்னாடோவோ சில நூறு மீட்டர் அகலம்தான். இரண்டு வானிலை நிலையங்களுக்கு நடுவில் புகுந்து போய்விடும். உள்ளூர் பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தி, அவ்வளவுதான்.

பதிவு இல்லையென்றால் முன்னறிவிப்பும் வளராது. கீழ்மட்டத்தில் ஈரப்பதம், மேலே போகப்போக வேகமாகக் குறையும் வெப்பம், காற்றை மேலே தள்ள ஒரு தூண்டல், உயரத்துக்கு உயரம் மாறும் காற்றின் வேகமும் திசையும்: இந்த நான்கும் நாளை எங்கே கூடும் என்று கணினி மாதிரிகளை வைத்து ஓரளவு சொல்லலாம். எந்த ஊர் என்று சொல்ல முடியாது. இந்தப் பகுதிக்கு இவ்வளவு அபாயம் என்றுதான் சொல்ல முடியும். சொன்னது சரியா என்று பார்க்க, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். யாரும் எழுதாவிட்டால் சரியான கணிப்புகூட பொய் எச்சரிக்கையாகத்தான் கணக்கில் வரும்.

2002-இல் சில இளம் வானிலை ஆர்வலர்கள் 'எஸ்டோஃபெக்ஸ்' என்ற தன்னார்வ முயற்சியைத் தொடங்கினார்கள். நாட்டு எல்லை பார்க்காமல் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே வரைபடம், 1 முதல் 3 வரை அபாய நிலைகள். 2 செ.மீ.க்குக் குறையாத ஆலங்கட்டி, நொடிக்கு 25 மீட்டருக்குக் குறையாத காற்று என்று பொதுவான அளவுகோல்கள் வேறு. 2006-இல் நிகோலாய் டோட்செக் முன்னின்று ஐரோப்பியக் கடும்புயல் ஆய்வகத்தை உருவாக்கினார். பொதுமக்களும் தகவல் அனுப்பக்கூடிய தரவுத்தளம் ஒன்றை அது நடத்துகிறது.

பதிவுகளை ஒன்றுசேர்த்ததும் படம் மாறியது. 1950 முதல் 2015 வரை ஐரோப்பாவில் 5,478 டொர்னாடோக்கள், 316 மரணங்கள் என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 80-க்கு மேல். இதில் விடுபட்டவை எத்தனையோ! வெகனர் சொன்ன நூறு மிகையே இல்லை.

2021 ஜூன் 24 அன்று செக் நாட்டின் தெற்கு மொராவியாவில் ஹ்ருஷ்கி, மிகுல்சிட்சே, லுஷிட்சே போன்ற ஊர்களை ஒரு டொர்னாடோ நாசமாக்கியது. ஆறு பேர் இறந்தார்கள். இந்த முறை ஆய்வாளர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சேதத்தைக் குறித்துக்கொண்டார்கள், லெட்ஸ்மன் விழுந்த மரங்களைக் குறித்த மாதிரி. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும்.