திரைப்பட பேனர் ஓவியம்

திரைப்பட விளம்பரத்துக்காகத் துணியில் கையால் தீட்டப்பட்ட பேரளவு ஓவியம். பலகையில் வரைந்து உருவத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி நிறுத்தும் கட்-அவுட்டும் இதன் கிளையே. இருபதாம் நூற்றாண்டில் சென்னையை மையமாகக் கொண்டு வளர்ந்த இக்கலை, மேலைநாட்டு பாப் ஆர்ட் இயக்கத்துக்குத் தமிழகத்தில் மிக நெருங்கிய உறவு.

தோற்றம்

நாடகக் கம்பெனிகளின் திரைச்சீலை ஓவியமே இதன் தாய்வீடு. அதே மரபில் வந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகங்களுக்குச் சீலை தீட்டி, பின்னர் கோவில்பட்டியில் தங்கி சிவகாசி காலண்டர்களுக்குச் சாமி படங்கள் வரைந்தார். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கியதும் விளம்பரத் தேவை பெருகியது. ‘சந்திரலேகா’வுக்கு (1948) அதன் தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசன் செய்த பிரம்மாண்ட விளம்பரம் மற்றவர்களுக்கும் முன்மாதிரி ஆயிற்று.

செய்முறை

நடிகரின் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களை வெள்ளை பூசிய துணியில் பெரிதாக்கி, கரியால் கோடு இழுப்பார்கள். தலைமை ஓவியர் முகங்களைத் தீட்ட, உடை, பின்னணி, எழுத்து ஆகியவற்றை உதவியாளர்கள் முடிப்பார்கள். துண்டு துண்டாக வரைந்த துணிகள் சவுக்குக் கட்டைச் சாரத்தில் ஒன்றிணையும். ஓட்டம் முடிந்ததும் அதே துணியில் வெள்ளை அடித்து அடுத்த படத்தை வரைவார்கள்.

நடை

ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கும் முகம் பிடிபட வேண்டும் என்பதே இதன் இலக்கணம். அதனால் கன்னத்தில் இளஞ்சிவப்பு, நிழலில் நீலம், ஓரத்தில் மஞ்சள் என்று நிறங்கள் துணிச்சலாக மோதும். அருகில் நின்றால் முரட்டுத் தூரிகைத் தீற்றல்களாகத் தெரிவது, விலகி நின்றால் சதையும் ஒளியுமாகக் கூடிவரும்.

பாப் ஆர்ட்டுடன் உறவு

1950-களில் லண்டனில் ரிச்சர்ட் ஹாமில்டன் முதலியோர் விளம்பரம், சினிமா, பத்திரிகைப் படங்களைக் கலைப்பொருளாக்கினர். அமெரிக்காவில் 1962-இல் ஆண்டி வார்ஹோல் சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாகக் காட்சிக்கு வைத்தார். ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் நியூயார்க்கில் விளம்பரப் பலகை தீட்டியவர், எம்.எஃப். ஹுசைனும் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தே பிழைத்தவர். பரோடாவில் பூபேன் கக்கர் 1960-களில் காலண்டர் சாமி படங்களை வெட்டி ஒட்டிப் படைத்தார். இவர்கள் தெருவின் படத்தைக் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். தமிழக பேனர் ஓவியர் தெருவையே காட்சிக்கூடமாக்கினார். எல்லோருக்கும் பொதுவானது, விரைவில் மறைவது, நட்சத்திர முகத்தைக் கொண்டாடுவது ஆகிய பாப் குணங்கள் அவர் வேலையிலும் உண்டு. அச்சு இயந்திரத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் கையால் வரைந்தது அவரது தனிச்சிறப்பு.

பிற்காலம்

2000-களில் டிஜிட்டல் முறையில் அச்சிட்ட ஃப்ளெக்ஸ் பேனர்கள் பரவியதும் கைவேலை வழக்கொழிந்தது. கோவையில் ‘சினி ஆர்ட்ஸ்’ நடத்திய குடும்பத்தின் ஓவியர் ஜீவா, சினிமா குறித்து எழுதிய ‘திரைச்சீலை’ நூலுக்குத் தேசிய விருது பெற்றார். ப்ரெமிந்தா ஜேக்கப்பின் ஆங்கில ஆய்வு நூல் (2009) இக்கலையைக் கலை வரலாற்றில் இடம்பெறச் செய்தது. துணிகள் மறுபயனுக்குப் போனதால் மூல ஓவியங்கள் அரிது. எஞ்சியுள்ள புகைப்படங்களையும் மூத்த ஓவியர்களின் நினைவுகளையும் தொகுப்பது தமிழ்க் கலை வரலாற்றின் அவசரப் பணி.