சிங்கங்கள் காப்பாற்றிய மாளிகை

பூர்வீக மாளிகையைக் குடும்பத்தாரே விடுதியாகவோ காட்சிக்கூடமாகவோ நடத்துவது இன்று காரைக்குடிப் பக்கம் பழகிய காட்சி. இந்த வழக்கம் வந்த பாதையைத் தேடிப் போனால் ரயில், வரி, சர்க்கஸ் என்று எதிர்பாராத ஆட்களெல்லாம் எதிர்ப்படுகிறார்கள்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மரியாதைக்குரிய பயணிகள் பிரபுக்களின் வீடுகளைச் சுற்றிப் பார்க்க முடிந்தது. வீட்டைக் காட்டியவர் பணியாளர்களின் தலைவியான அம்மாள்; காசும் அவர் கைக்கே போனது. ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வாழ்ந்த எழுத்தாளர் ஹோரஸ் வால்போலுக்குக் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. நாளுக்கு நான்கு பேர், முன்கூட்டியே சீட்டு, குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று விதிகளை அச்சடித்தே கொடுத்தார். 1849ல் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் பக்கத்தில் ரயில் வந்தது. அந்தக் கோடையில் மட்டும் 80,000 பேர் வந்தார்கள். ஆனாலும் மாளிகையைத் தாங்கியது நிலக் குத்தகைதான்.

அந்தக் குத்தகையை அசைத்தது அமெரிக்கக் கோதுமை. 1870களில் அது மலிவாக வந்து இறங்க, இங்கிலாந்தில் விளைச்சலின் விலை சரிந்தது. 1894ல் புதிய மரண வரி வந்தது. உச்ச விகிதம் அப்போது 8 சதவீதம், 1950ல் 80. சாட்ஸ்வொர்த்தின் 10ஆவது டியூக் சொத்தை மகனுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். வரியிலிருந்து தப்பும் கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது இறந்துபோனார். பரம்பரைச் சொத்தான ஹார்ட்விக் மாளிகையையே வரிக்காகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதே நெருக்கடியில் இருந்தது லாங்லீட் மாளிகை. அதன் பிரபு 1949ல் அரை கிரவுன் கட்டணம் வைத்துக் கதவைத் திறந்தார். 1952ல் பியூலி மாளிகையில் மான்டெகு பிரபு, மோட்டார் கார் முன்னோடியான தன் தந்தையின் நினைவாக முன்கூடத்தில் பழைய கார்களை நிறுத்தினார். அது பின்னாளில் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1966ல் சர்க்கஸ் குடும்பத்து ஜிம்மி சிப்பர்ஃபீல்டு லாங்லீட்டுக்கு ஒரு யோசனை சொன்னார்: சிங்கங்கள் திறந்தவெளியில் உலாவட்டும், மனிதர்கள் காருக்குள் அடைந்திருக்கட்டும். லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழே எதிர்த்து எழுதியது. மக்களோ வரிசை கட்டினார்கள். அதே சிப்பர்ஃபீல்டின் துணையோடு 1970ல் வோபர்ன் மாளிகையும் 1971ல் நோஸ்லி மாளிகையும் சிங்கங்களை இறக்கின.

இந்தியாவில் குடும்பங்களை நெருக்கியது சமஸ்தானங்களின் இணைப்பு. ஜெய்ப்பூர் மகாராஜா 1957ல் ராம்பாக் அரண்மனையை ஓட்டலாக்கினார். 1963ல் உதய்ப்பூர் ஏரி நடுவிலிருந்த ஜக் நிவாஸ் அரண்மனையும் அந்த வழியில் போனது. 1971ல் மன்னர் மானியம் ஒழிந்ததும், தயங்கி நின்றவர்களும் கணக்குப் போட வேண்டியதாயிற்று.

காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டு வீடுகள் வளர்ந்தது நிலத்தால் அல்ல, கடல் கடந்த வட்டிக் கடைகளால். பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் அந்தப் பணத்தில் வந்தவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும் 1942ல் பர்மாவில் நுழைந்த ஜப்பானியப் படையும் அந்த ஊற்றை அடைத்தன. பல வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. சில குடும்பங்கள் மட்டும் ‘தி பங்களா’ விடுதியை நடத்தும் குடும்பத்தைப் போல விருந்தினருக்கு இலை போட்டன.

ஏன் சிலர் மட்டும்? இங்கிலாந்திலும் ராஜஸ்தானத்திலும் மாளிகை மூத்த மகனுக்கு முழுதாகப் போனது. ஒருவர் நினைத்தால் கதவு திறக்கும். செட்டிநாட்டில் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். கூரை ஒழுகினால் ஓடு மாற்றக்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். வரியை வெல்ல லாங்லீட்டுக்குச் சிங்கம் கிடைத்தது. இங்கே வெல்ல வேண்டியது பங்காளிகளின் மௌனத்தை. அவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சம்மதம் வாங்கும் ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அந்த வீட்டுக்கு இன்னும் ஒரு தலைமுறை உறுதி.