சிக்கனம் கேட்ட நிரலாசிரியர்

உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கும் சொந்த ஊருக்கும் உள்ள பிணைப்பு ஒரு காலத்தில் இன்லண்டு கடிதமாக இருந்தது. பின்னர் அது தெருமுனை எஸ்.டி.டி. கடையாக மாறிற்று. இன்று உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியாகிவிட்டது. அந்தக் கைப்பேசி கீழே விழுந்து உடையவில்லை; மழையில் நனையவில்லை; மின்கலமும் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் ஒரு நாள் காலையில், இந்தக் கருவியில் இச்செயலி இனி இயங்காது என்றோர் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. கும்பகோணத்தில் இருக்கும் என் தாயாருக்குச் சென்ற ஆண்டு இது நேர்ந்தது. தில்லியிலிருந்து நாள்தோறும் மாலையில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிவந்த எனக்கு, மூன்று வாரம் அவர் குரல் மட்டுமே கிடைத்தது. "நான் பேசுவது பழைய பேச்சுதானே, அதற்குப் புதுப் போன் எதற்கு?" என்று அவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

இதே கேள்வியைக் கணிப்பொறித் துறையின் உள்ளேயே இருந்துகொண்டு, அத்துறையினர் முகத்துக்கு நேராகக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் நிக்லாஸ் விர்த். சுவிட்சர்லாந்து தேசத்தவர். 1995ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்க மின்னியல் பொறியாளர் சங்கத்தின் 'கம்ப்யூட்டர்' என்னும் சஞ்சிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மெலிந்த மென்பொருள் வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். அவர் யார், அப்படிக் கேட்க அவருக்கு என்ன தகுதி என்பதை முதலில் பார்ப்போம்.

விர்த் 1934இல் வின்டர்தூர் என்ற ஊரில் பிறந்தார். சூரிச் நகரில் பொறியியல் கற்றபின் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1963இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் ஹாரி ஹஸ்கி. இந்தப் பெயரை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏனெனில் அதே 1963ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி நிறுவப்பட்டபோது, அங்கே வந்திருந்து கணிப்பொறி மையத்தை உருவாக்கத் துணைபுரிந்தவரும் இந்த ஹஸ்கியே ஆவார். தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அங்கே குறுகிய காலப் பயிற்சிக்கு வந்தார்கள். ஈரோட்டில் பிறந்து தில்லியில் பள்ளிப் படிப்பை முடித்த பேராசிரியர் வி. ராஜாராமன் அவர்களும் கான்பூரில் கற்பித்து, நம் நாட்டில் ஒரு தலைமுறைக்கே கணிப்பொறிக் கல்வி தந்தார். அந்த 1620இன் நினைவகத்தில் அதிகம் போனால் 60,000 இலக்கங்கள்தாம் கொள்ளும். இன்று ஒரு திருமணப் புகைப்படத்துக்கும் அது போதாது. இருப்பினும் அன்று அதை வைத்துக்கொண்டு கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டார்கள்.

இவ்விடத்தில் இரண்டு சொற்களுக்கு விளக்கம் கூறவேண்டும். கணிப்பொறி செய்யவேண்டிய வேலையை வரிசையாக எழுதித் தருவது நிரல். அதை எழுதுபவர் நிரலாசிரியர். மனிதன் படிக்கத்தக்க மொழியில் எழுதப்பட்ட நிரலை, இயந்திரத்துக்கு மட்டுமே புரியும் எண்களாக மாற்றித் தரும் மற்றொரு நிரல் உண்டு. அதற்குக் கம்பைலர் என்று பெயர். மொழிபெயர்ப்பாளன் என்றே நான் அதை அழைப்பேன். இருபது ஆண்டுகளாக மத்திய அரசில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேனாதலால் அதன்மீது எனக்கு ஒரு சகோதர பாவம் உண்டு.

விர்த்தின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இந்த மொழிபெயர்ப்பாளனைச் சுற்றியே நடந்தது. சூரிச்சுக்குத் திரும்பி 1970இல் அவர் வெளியிட்ட நிரல் மொழிக்குப் பாஸ்கல் என்று பெயரிட்டார். வரி வசூலிக்கும் உத்தியோகத்தில் இருந்த தந்தைக்கு உதவியாக, இருபது வயது நிறையுமுன்னே கணக்கிடும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொடுத்த பிரெஞ்சு மேதையின் பெயர் அது. மாணவர்க்குத் தெளிவாகச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் மொழி ஒன்று வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் அம்மொழிக்குரிய மொழிபெயர்ப்பாளனைச் செய்வது எளிதாக இல்லை. முதலில் போர்ட்ரான் என்னும் பழைய மொழியில் அதை எழுதிப் பார்த்தார்கள், அம்முயற்சி கைவிடப்பட்டது. பிறகு விர்த் ஒரு துணிவான காரியம் செய்தார். பாஸ்கலை மொழிபெயர்க்கும் நிரலைப் பாஸ்கலிலேயே எழுதச் செய்தார். படிக்க ஒரு கருவியும் இல்லாத மொழியில் எழுதிய நூல் அது! அதை இயந்திரத்துக்கு யார் மாற்றித் தருவது? உடன் உழைத்த இளைஞர் ஒருவர் வீட்டிலேயே இரண்டு வாரம் அமர்ந்து, இயந்திரத்துக்கு நெருக்கமான ஒரு கீழ்நிலை மொழியில் முழு நிரலையும் கையாலேயே பெயர்த்து முடித்தார். அதன்பின் அந்த நிரல் தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டது. ஒருவர் இரண்டு வாரத்தில் கையால் பெயர்க்கக்கூடிய அளவுக்குள் அந்நிரல் அடங்கியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய நிரல்களில் எதனை அப்படிப் பெயர்க்க முடியும்?

பின்னாளில் அவர் மாணவரிடையே ஒரு விதி வழங்கிற்று. மொழிபெயர்க்கும் நிரலுக்கு எவரேனும் ஒரு நயத்தைச் சேர்க்க விரும்பினால், சேர்த்தபின் அந்நிரல் தன்னையே மொழிபெயர்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். நேரம் குறைந்தால் நயம் இருக்கலாம். கூடினால் வெளியேற வேண்டியதுதான். தன் சோற்றுக்குத் தானே உழைக்காத எதற்கும் அந்த வீட்டில் இடமில்லை. எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவிலும் இப்படி ஒரு விதி இருந்தால், எத்தனையோ அடைமொழிகள் அன்றே ஓய்வு பெற்றிருக்கும்.

பாஸ்கல் உலகெங்கும் பரவியது. 1983இல் டர்போ பாஸ்கல் என்ற பெயரில், 49.95 டாலர் விலையில், சிறு கணிப்பொறிகளுக்கான வடிவம் ஒன்று வந்தது. எழுதும் வசதியும் மொழிபெயர்க்கும் வசதியும் ஒன்றாக அமைந்த அதன் மூன்றாம் பதிப்பு 40,000 பைட்டுக்குள் அடங்கிற்று. பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை வைக்கப் போதிய இடம். நேயர்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தமிழ்க் கட்டுரையைக் கணிப்பொறியில் சேமித்து வைக்கவும் ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும்.

இனி 1995ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். சில்லில் அமையும் உறுப்புகளின் எண்ணிக்கை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1965இல் கூறியதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு எதிர்ப்பாட்டுப் போல அமைந்தது விர்த்தின் வாசகம். இயந்திரத்தின் வேகம் கூடுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருளின் மந்தம் கூடுகிறது என்பது அதன் சாரம். இதை முதலில் சொன்னவர் தம் சகாவான மார்ட்டின் ரைசர் என்று அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனினும் உலகம் அதற்கு விர்த்தின் விதி என்றே பெயர் வைத்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் 8,000 பைட்டில் இயங்கிய எழுத்துத் திருத்தும் நிரலுக்கு இப்போது நூறு மடங்கு இடம் வேண்டியிருப்பது ஏன், இப்படிப் பருத்ததனால் மென்பொருள் விரைவாயிற்றா என்று அவர் கேட்டார்.

அவர் காட்டிய காரணங்கள் பொறியியல் சார்ந்தவை மட்டும் அல்ல. மனித சுபாவத்தைச் சார்ந்தவையும் ஆம். வாங்குபவர் கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் விற்பவர் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார். எல்லாருக்கும் எல்லா வசதியும் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஒவ்வொருவரும் பயன்படுத்துவதோ அதில் சிறு பங்கு. சிக்கலானதே சிறந்தது என்று வாங்குபவரும் மயங்குகிறார். திரையில் பழைய தபால்பெட்டி ஒன்றும் குப்பைத்தொட்டி ஒன்றும் வரைந்து, கடிதம் ஒன்று நகர்ந்து சென்று அதில் விழுவது போலக் காட்டுவதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். பார்க்க அழகுதான், அதற்கு மறைவாக ஒரு விலை இருக்கிறது என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரமே இந்தப் பருமனுக்கு முதற்காரணம் என்பது அவர் முடிவு. சுருக்கமாக எழுத நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சந்தை கொடுப்பதில்லை. நாளை காலைக்குள் வேண்டும் என்று மாலை ஐந்து மணிக்கு வந்து விழும் சுற்றறிக்கையை மொழிபெயர்த்தவர் எவருக்கும் இது விளங்கும். அன்றைய என் வாக்கியங்கள் நீளமாகவே இருக்கும்.

அந்த மறைவான விலையை யார் கொடுப்பது? விர்த் இதை விரித்துப் பேசவில்லை, நான் பேசுவேன். நிரல் எழுதும் நிறுவனத்தில் உள்ளவர் மேசைமேல் எப்போதும் புத்தம் புதிய இயந்திரம் இருக்கிறது. மந்தத்தை அவர் உணர்வதில்லை. அதை உணர்பவர் பழைய கருவியை வைத்திருக்கும் ஓய்வூதியக்காரர். அண்ணனின் கைப்பேசியை வாங்கிப் படிக்கும் மாணவி. கும்பகோணத்தில் இருக்கும் தாயார். நான் பணியில் சேர்ந்தபின் என் மேசையில் நான்கு கணிப்பொறிகள் மாறிவிட்டன. நாளொன்றுக்கு நான் மொழிபெயர்க்கும் பக்கங்களின் எண்ணிக்கை மாறவில்லை.

ஆனால் விர்த் சொன்னதை முழுவதும் ஒப்புக்கொள்ளத் தமிழனான எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 8,000 பைட்டில் இயங்கிய அந்தப் பழைய நிரலுக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். பழைய தட்டச்சில் கொம்பை முதலில் அடித்து, ககரத்தை அடித்து, பின்பு காலை அடித்தோம். சிந்தனை வேலை நம் விரலுக்கு இருந்தது. இன்று ககரத்தையும் ஒகரக் குறியையும் வரிசையாகக் கொடுத்தால், அக்குறியை இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் வேலை. இன்று பெருவழக்காயுள்ள முறையில் அதற்கு ஆறு பைட் செலவாகிறது. உலக மொழிகளின் எழுத்துக்களையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்கும் யூனிகோடு 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழ் இருந்தது. எனினும் நான் 2005இல் பணியில் சேர்ந்தபோது ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தது. தில்லியில் நான் அடித்தனுப்பிய தமிழ், சென்னையில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் திறந்தது. ஒருமுறை நாற்பது பக்கத்தை மீண்டும் அடித்துக் கொடுத்தேன். இயங்குதளம் பருத்து, அதற்குள் நம் எழுத்துக்கு இடம் கிடைத்தபின்னரே அத்தொல்லை தீர்ந்தது.

ஆகவே பருமன் எல்லாம் கொழுப்பு அன்று, சில சதை. இன்றியமையாததையும், இருந்தால் நலம் என்று தோன்றுவதையும் பிரித்தறியத் தவறுவதே நோய் என்று விர்த்தும் அக்கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். ஆயினும் எது யாருக்கு இன்றியமையாதது என்பதைச் சூரிச்சில் இருந்து தீர்மானித்துவிட இயலாது. இதைச் சொல்வதனால் அவர்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. என் தாயாரின் கைப்பேசியை மூப்படையச் செய்தது 'கொ' அன்று என்பதை நானறிவேன்.

பிறரைக் குறை கூறியதோடு விர்த் நின்றுவிடவில்லை. 1986 முதல் 1989 வரை, கற்பிக்கும் பணிக்கிடையே, அவரும் யூர்க் குட்க்நெக்ட் என்ற சக பேராசிரியரும் இருவராகவே ஓபரான் என்னும் முழு இயங்குதளத்தை எழுதினார்கள். அதில் பலகணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓடு பதித்ததுபோல் அடுக்கடுக்காக நின்றன. தபால்பெட்டிப் படமும் இல்லை. முழு நிரலையும் விளக்கத்தோடு ஒரு புத்தகமாக 1992இல் அச்சிட்டார்கள். ஒருவர் அமர்ந்து படித்து முடிக்கக்கூடிய இயங்குதளம் அது. உலகம் அதைப் பாராட்டியது; வாங்கவில்லை. காலப்போக்கில் அது இயங்குவதற்கான சில்லின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த விர்த் அதற்காக வருந்தி அமரவில்லை. எளிய செயலி ஒன்றைத் தாமே வடிவமைத்து, ஒரே மெகாபைட் நினைவகம் உள்ள சிறு பலகையில் அதை அமைத்து, புத்தகத்தையும் திருத்தி 2013இல் ஓபரானை மீண்டும் ஓடச் செய்தார். 2024ஆம் ஆண்டின் முதல் நாளன்று, தமது 89ஆம் வயதில் காலமானார்.

அம்மாவுக்குப் புதிய கைப்பேசி வாங்கி அனுப்பிவிட்டேன். மாலையில் முகம் தெரிகிறது. பழையதை அவர் எறியவில்லை. அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறார். அதில் வானொலி இன்னும் நன்றாகக் கேட்கிறதாம்.