டார்வினுக்கு மெட்ராஸ் அனுப்பிய புறாக்கள்

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் போகாதவங்க குறைவு. அது எட்வர்ட் எலியட்ங்கிற மாஜிஸ்திரேட்டோட பேர். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையும் முன்னாடி அவர் பேர்லதான் இருந்தது. இன்னைக்கு நாம பேசப்போறது அவரைப் பத்தி இல்லை, வால்டர் எலியட்டைப் பத்தி. 1845-ல் அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்தவர், பிறகு மெட்ராஸ் கவர்னரோட கவுன்சில் உறுப்பினர்.

1856 ஜனவரியில் சார்லஸ் டார்வின் இவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டுல வளர்க்குற புறா, கோழியோட தோல்கள் வேணும், அனுப்ப முடியுமான்னு கேட்டார். காட்டுப் பறவை வேண்டாம், வீட்டுப் பறவைதான் வேணும். ஏன்?

விதவிதமான வளர்ப்புப் புறாக்கள் எல்லாம் ஒரே மாடப்புறாவோட வம்சம்தான்னு நிரூபிக்க நினைச்சார் டார்வின். அதுக்கு லண்டன் புறாக்கள் மட்டும் பத்தாது. வேற நாட்டுல, வேற ஆட்கள் பல நூற்றாண்டா பொறுக்கியெடுத்து வளர்த்த புறாக்களும் வேணும். நம்ம ஊர்ல அக்பர் அரண்மனைக் காலத்துலயே புறா வளர்ப்பு பெரிய கலை.

எலியட் தோல்களை அனுப்பினார். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-லதான், அதுக்கு முன்னாடி நடந்த வேலை இது. எனக்கு இதைவிட முக்கியமாப் படுறது இன்னொண்ணு: 1770-ல் இறந்த சையது முகமது முசாரி எழுதின புறா நூலோட மொழிபெயர்ப்பையும் டார்வினுக்குக் கொடுத்தார். ஒரு ரகம் நூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தது, இப்போ எப்படி இருக்குன்னு ஒப்பிட இந்த மாதிரி எழுத்து இருந்தாத்தான் முடியும். தோல் அதைச் சொல்லாது.

1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலோட முதல் அத்தியாயத்துலயே டார்வின் எலியட்டுக்கு நன்றி சொல்றார். அந்தப் புறாக்களை வளர்த்தவங்க, விலைபேசிக் கொடுத்தவங்க பேர் எதுவும் அங்க இல்லை. முசாரி எழுதி வச்சதால, அவர் பேர் மட்டும் 1868-ல் வந்த இன்னொரு நூல்ல இடம்பிடிச்சுது.

அந்த நூல்ல 'லோட்டன்'னு ஒரு இந்தியப் புறா வருது. லேசாக் குலுக்கித் தரையில விட்டா குட்டிக்கரணம் போட்டுக்கிட்டே இருக்கும். வானத்துல பல்டி அடிக்கிற அதோட சொந்தக்காரப் புறாவுக்கு நம்ம ஊர்ல கர்ணப்புறான்னு பேர். 'மாரி' படத்துல பார்த்தீங்களே, அந்தப் புறாப் பந்தயம் சென்னை மாடிகள்ல இன்னும் நடக்குது.