போனவர்களும் திரும்பியவர்களும்

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோலும் இதுவரையிலான கடைசிக் கோலும் ஐரோப்பிய மண்ணில் விழுந்தவை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் பெங்களூரில் பிறந்த சாரங்கபாணி ராமன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகக் கடைசிக் கோலை அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ். இரண்டு ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. முதலாவதில் 1-2, இரண்டாவதில் 1-3. இவ்விரு பெயர்களையும் கேட்ட மாத்திரத்தில் நம் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள் போலத் தோன்றுகின்றன. ஆயினும் கிரிக்கெட் வீரர்களின் சராசரிகளைத் தசமப் புள்ளியோடு ஒப்பிக்கும் நம்மில் எத்தனை பேர் இவர்களைக் கேள்விப்பட்டிருப்போம்?

அந்த 12 ஆண்டுகளில் நம் ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவின் முன்னணி அணிகளோடு நேருக்கு நேர் ஆடினார்கள். ஆனால் ஒருவர்கூட அங்கே தங்கித் தொழில்முறை ஆட்டக்காரராக ஆகவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில், அதே போல வெறுங்காலோடு ஐரோப்பாவுக்கு வந்த இன்னொரு காலனி நாடு இருந்தது. அன்று கோல்ட் கோஸ்ட் என அழைக்கப்பட்டு 1957-இல் விடுதலை பெற்ற கானா. இன்று ஐரோப்பியக் கழகங்களில் கானாக்காரர் ஆடுவது செய்தியே அல்ல. இந்தியர் ஒருவர் ஆடினால் அது தலைப்புச் செய்தி. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று வரலாற்றுப் பூர்வமாகப் பார்க்கலாம்.

கானாவின் கதை ஆர்தர் வார்ட்டனிலிருந்து தொடங்குகிறது. 1865-இல் அக்ராவில் பிறந்தவர். தந்தை கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் மதபோதகர். தாய் ஃபான்டே இனத்தின் உயர்குடியைச் சேர்ந்தவர். மகனும் மதபோதகராக வேண்டும் என்று இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். படிப்பைக் காட்டிலும் ஓட்டமும் பந்தும் அவரை ஈர்த்தன. 1886-இல் லண்டனில் நடந்த தேசியப் போட்டியில் 100 கஜ தூரத்தை 10 விநாடிகளில் ஓடி வென்றார். பிரெஸ்டன் நார்த் எண்ட் அணிக்குக் கோல்கீப்பராக நின்றார். 1889-இல் ராதர்ஹாம் டவுன் கழகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் என்று பொதுவாக இவரையே சொல்கிறார்கள். 1902 வரை ஆடினார். பிறகு யார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கமொன்றில் கூலியாளாகி 1930-இல் வறுமையில் இறந்தார். 67 ஆண்டுகள் பெயர்க்கல் இல்லாத குழியில் கிடந்தார். 1997-இல்தான் கல் நட்டார்கள். 2014-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்துப் பயிற்சி மையத்தில் சிலையும் வைத்தார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இணையான முதல் பெயர் கல்கத்தாவின் முகமது சலீம். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் வலது விங் ஆட்டக்காரர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் சீன அணி கல்கத்தாவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் மிளிர்ந்த சலீம் அடுத்த ஆட்டத்துக்குள் ஊரிலேயே இல்லை. ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர், உன் திறமை அங்கே காட்டப்பட வேண்டியது என்று வற்புறுத்திக் கப்பலேற்றிவிட்டார். அவரே கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்தில் போய்ப் பேசியும் பார்த்தார். வெறுங்காலோடு ஆடுகிறவனா என்று வியந்த மேலாளர் வில்லி மேலி ஒரு சோதனைக்கு இசைந்தார். சலீமின் பாதங்களுக்குப் பூட்ஸுக்குப் பதிலாகத் துணிப்பட்டை சுற்றப்படும் புகைப்படம் ஒன்று இன்றும் உண்டு. செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹாமில்டன் அணியை 5-1, கால்ஸ்டன் அணியை 7-1 என்ற கணக்கில் செல்டிக் வென்றது. பத்திரிகைகள் கொண்டாடின. கழகம் இருக்கச் சொன்னது. சலீமுக்கோ வீட்டு நினைவு தாங்க முடியவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார்.

பல ஆண்டுகள் கழித்து அவர் நோயுற்றிருந்தபோது மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். பணம் வேண்டி எழுதவில்லை, தந்தையை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே எழுதினேன் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 100 பவுண்டுக்குக் காசோலை வந்தது. அதை மாற்றாமல் பாதுகாத்து வைத்துக்கொண்டது அக்குடும்பம். சலீம் 1980-இல் மறைந்தார்.

ஆக, இரு நாடுகளிலும் முன்னோடிகள் இருந்தார்கள். இருவருமே தனிமனிதர்களாகப் போனார்கள். ஒருவர் அங்கேயே மடிந்தார், மற்றவர் திரும்பினார். இருவருக்குப் பின்னாலும் உடனடியாக யாரும் போகவில்லை.

பூட்ஸ்தான் தடை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1948-இல் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பது உண்மை. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற பிறகே இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. ஆனால் 1951-இல் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்த கோல்ட் கோஸ்ட் அணியும் வெறுங்காலோடுதான் ஆடியது. அந்த அணியில் இருந்த இளைஞர்களில் ஒருவர் சார்லஸ் குமி கியாம்ஃபி. 1960-இல் அவர் மேற்கு ஜெர்மனியின் ஃபார்ட்டுனா டுசல்டார்ஃப் கழகத்தில் சேர்ந்தார். மேற்கு ஜெர்மனியில் ஆடிய முதல் ஆப்பிரிக்கர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். சைமன் சுந்தர்ராஜ் ரோமில் கோல் அடித்ததும் அதே ஆண்டு. வெறுங்காலைக் கடக்க இரு நாடுகளுக்கும் ஏறத்தாழ ஒரே கால அவகாசம்தான் ஆயிற்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கியாம்ஃபியும் ஜெர்மனியில் நீடிக்கவில்லை. சுமார் ஓராண்டில் ஊர் திரும்பித் தேசிய அணிக்குப் பயிற்சியாளரானார். 1963-இலும் 1965-இலும் கானா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது அவர் பயிற்சியில்தான். 1982-இல் மூன்றாம் முறையும் அவரே. இந்தியாவும் அக்காலத்தில் சளைத்ததாக இல்லை. 1956 மெல்போர்னில் நான்காம் இடம். 1962 ஆகஸ்டில் அக்ராவில் கானா, ரியல் மாட்ரிட்டுடன் 3-3 எனச் சமன் செய்தது. அடுத்த மாதம் ஜகார்த்தாவில் இந்தியா தென் கொரியாவை 2-1 என வென்று ஆசியத் தங்கம் பெற்றது. 1962-இல் ஒருவர் இரு நாடுகளையும் ஒப்பிட்டிருந்தால் எதிர்காலத்தில் எது ஐரோப்பாவை நிரப்பும் என்று சொல்லியிருக்க முடியாது.

அந்த ஆசியத் தங்க அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். 1953-இல் மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்தார். முன்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை ஆறடிக்கு மேற்பட்ட உயரம் கோல்கீப்பராக்கியது. மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955-இலும் 1958-இலும் டுராண்ட் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் எனப் பெயர் பெற்றார். மெல்போர்ன், ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் கலந்துகொண்டார். பின்னர் கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது. ஐரோப்பாவில் ஆடத் தக்க இந்தியர் என்று அக்காலத்தில் ஒருவரைச் சுட்ட வேண்டுமெனில் நாம் தயங்காமல் இவரைச் சுட்டலாம். அவர் போகவில்லை. 2008-இல் பொகாரோவில் காலமானார்.

ஏன் போகவில்லை என்பதற்கான விடை தங்கராஜின் வாழ்க்கை வரிசையிலேயே இருக்கிறது. இந்தியாவில் கால்பந்து ஒருவனுக்குத் தந்த பெரும் பரிசு வேலை. ராணுவம், ரயில்வே, காவல்துறை, துறைமுகம், வங்கி, உருக்காலை என்று ஒவ்வொன்றும் அணி வைத்திருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு எழுத்தர் பணி, மாதச் சம்பளம், ஓய்வூதியம். முழங்கால் போனாலும் வேலை போகாது. நம் சிங்கப்பெருமாள் கோயில் போன்ற ரயில் பாதை ஊர்களில் இதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் இடையில், கோடையில் வற்றிய ஏரிகளில் கம்பு நட்டுக் கோல் போட்டு ஆடும் பையனின் தந்தையிடம் கேட்டால், மகன் மாவட்ட அணிக்கு வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ இடம் கிடைக்குமா என்றுதான் யோசிப்பார். அந்த யோசனையைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. இரண்டு தலைமுறைகளைப் பசியிலிருந்து மீட்ட யோசனை அது.

கானாவில் அப்படி ஒரு பிடிமானம் எண்பதுகளில் இல்லாமல் போனது. 1983-இல் கடும் வறட்சியும் காட்டுத்தீயும் பஞ்சமும் வந்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில், நைஜீரியா தன்னிடம் பிழைக்க வந்திருந்த லட்சக்கணக்கான கானாக்காரர்களை வெளியேற்றியது. ஊரில் சோறு இல்லை, அயலிலும் இடமில்லை. அந்தத் தலைமுறையின் அபெடி பெலே 1982-இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற அணியில் பதின்வயதுச் சிறுவன். கத்தார், சுவிட்சர்லாந்து, பெனின் என்று அலைந்து 1986-இல் பிரான்சின் நியோர் என்ற சிறு கழகத்தை அடைந்தார். அங்கிருந்து முலூஸ், மார்செய், லில், மீண்டும் மார்செய். 1993 மே மாதம் மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மிலான் அணியை வீழ்த்திய ஒரே கோல், அபெடி எடுத்த கார்னரிலிருந்து பசில் போலி தலையால் முட்டி அடித்தது. அவர் போட்ட தடத்தில் மற்றவர்கள் நடந்தார்கள். 2005-இல் மைக்கேல் எஸ்ஸியனுக்காக செல்சி 2 கோடியே 44 லட்சம் பவுண்ட் கொடுத்தது. 1999-இல் தொடங்கிய ‘ரைட் டு டிரீம்’ பயிற்சிப் பள்ளி 2015-இல் டென்மார்க்கின் நோர்ஷெலான் கழகத்தையே வாங்கியது. முகமது குடுஸ் அந்தப் பள்ளி வழியாக 2018-இல் டென்மார்க் சென்று, பின் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போனவர்.

இந்தப் பாதையின் ஓரங்களில் கிடப்பவர்களையும் சொல்லியாக வேண்டும். போலி முகவரிடம் வீட்டு நிலத்தை விற்றுப் பணம் கட்டி, ஐரோப்பிய நகரமொன்றில் கழகமும் இல்லாமல் திரும்ப டிக்கெட்டும் இல்லாமல் கைவிடப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கச் சிறுவர்கள் ஏராளம். 18 வயதுக்குக் கீழானவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2001-இல் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு இத்தகைய அவலங்களும் காரணம். ஆர்தர் வார்ட்டனின் பெயரற்ற குழி ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வேறு வடிவில் தொடர்ந்தது என்றே கொள்ளலாம்.

கடல் கடந்த தமிழரிடையே ஒரு முயற்சி நடந்தது. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி 1965-இல் பிறந்தவர். எதிராளியைப் பந்தோடு ஏய்த்துத் திரும்பும் வித்தைக்காக அங்கே கொண்டாடப்பட்டவர். 1988-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்தில் ஒப்பந்தமானார். கழகம் அப்போதுதான் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அவர் அங்கே நெடுநாள் நீடிக்கவில்லை. மலேசிய, சிங்கப்பூர் ஆடுகளங்களுக்குத் திரும்பி நீண்ட காலம் ஆடி, 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். இந்தியாவிலிருந்து பாய்ச்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி கழகத்துக்கும், குர்ப்ரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக்குக்கும் போனார்கள். சலீமைப் போலவே இவர்களும் ஒவ்வொருவராகப் போய் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

திறமை, உடல்வாகு, பூட்ஸ், தட்பவெப்பம் என்று வழக்கமாக அடுக்கப்படும் காரணங்களைக் காட்டிலும், ஊரில் காத்திருந்த வேலையே இவ்வரலாற்றைத் தீர்மானித்தது என்பது நம் எண்ணம். கானாவின் ஆட்டக்காரனுக்குத் திரும்பி வர எதுவுமில்லை; நம் ஆட்டக்காரனுக்கு இருந்தது. வேலை அவனைக் காப்பாற்றியது, அதே வேலை அவனைக் கட்டியும் போட்டது. இன்று அரசுப் பணியிடங்கள் சுருங்கி, அலுவலக அணிகளின் காலமும் மங்கி வருகிறது. கட்டு தளர்கிறது, காப்பும் தளர்கிறது. இனிப் புறப்படும் பையன்களுக்கு முறையான பயிற்சிப் பள்ளியும், நேர்மையான முகவரும், தோற்றுத் திரும்பினால் ஏற்றுக்கொள்ள ஓர் இடமும் நாம் அமைத்துக் கொடுக்காவிட்டால், கானாவின் வெற்றிகளுக்கு முன்பே கானாவின் அவலங்கள் நம்மை வந்தடையும்.