கண்ணின் தீர்ப்பும் அளவின் சாட்சியமும்
சுவாசப்பை நீரிற் புற்றுநோயை அறிந்த வரலாறு

சுவாசப்பைகளைச் சூழ்ந்த இரு மென்சவ்வுகளுக்கிடையே இயல்பாகச் சிறிதளவு நீரே உண்டு. இதயத் தளர்ச்சி, காசநோய், புற்றுநோய் முதலியவற்றால் அது பெருகித் தேங்கும். காரணம் காசநோயெனின் மருந்தினாற் குணப்படுத்தலாம். சுவாசப்பைப் புற்றுநோயாளரின் நீரிற் புற்றுக்கலங்கள் காணப்படின், நோய் பரவிவிட்டதெனக் கொள்ளப்படும். சத்திரசிகிச்சையாற் குணமடையும் வாய்ப்பும் பெரும்பாலும் அற்றுப்போகும். எனவே இந்நீரிலுள்ள கலங்களை இனங்காண்பதில் நேரும் பிழை எப்பக்கஞ் சாரினுங் கொடியதே.

அப்பிழைக்கு இடமும் உண்டு. சவ்வின் மேற்பரப்பை மூடிய கலங்கள் அழற்சியினாற் பருத்து, கருக்கள் பெரிதாகி உதிர்கையிற் புற்றுக்கலங்களைப் போலவே தோன்றும். பப்பனிக்கொலாவும் ட்ராவுட்டும் 1943இல் வெளியிட்ட நூலின் பின் கலப் பரிசோதனை உலகெங்கும் பரவிற்று. எனினும் நுணுக்குக்காட்டியூடு நோக்குபவரின் அனுபவமே அதில் இறுதித் தீர்ப்பாக இருந்தது. கண்ணின் தீர்ப்பை அளவினாற் சோதிக்க முடியுமா என்பதே அடுத்து எழுந்த வினாவாகும்.

அதற்கான விடையின் வேர்கள் ஜேர்மனியில் உள்ளன. புற்றுக்கலங்கள் ஒழுங்கற்றுப் பிரிவதை ஹான்சமன் 1890இல் விவரித்தார். நிறமூர்த்தங்களின் சமநிலைக் குலைவே புற்றின் தோற்றுவாய் எனப் பொவேரி 1914இல் வாதிட்டார். ஆயின் அக்குலைவை அளக்கும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை. 1924இல் பொயில்கனும் ரொசன்பெக்கும் மென்மையான அமிலத் தாக்கத்தின் பின் டி.என்.ஏ.யைச் செந்நிறமாக்கும் முறையை வெளியிட்டனர். சாயத்தின் செறிவு டி.என்.ஏ.யின் அளவைக் காட்டியது. சுவீடனிற் கஸ்பேர்சன் 1936இல், தனிக்கலம் உறிஞ்சும் புறவூதா ஒளியை அளந்து காட்டினார். 1948இல் பிரான்சிற் புவாவனும் வான்றெலி தம்பதியரும், ஓரினத்தின் உடற்கலக் கருக்களில் டி.என்.ஏ. ஏறக்குறைய மாறா அளவினது என்றும் விந்துக் கலங்களில் அதிற் பாதியே உண்டு என்றும் நிறுவினர். அளவுகோல் இவ்வாறு கிடைத்தது.

இயல்பான கலத்தின் அளவை இரண்டெனக் கொள்வோமாயின், பிரிவதற்கு ஆயத்தமாகுங் கலம் நான்கினை எட்டும். இவ்வொழுங்கினின்று விலகி, மூன்று போன்ற அளவிற் கலக்கூட்டமொன்று குவியுமாயின், அது புற்றுநோய்க்கு வலுவான சான்றாகும். 1960களில் உருவான பாய்ச்சற் கருவிகள் ஆயிரக்கணக்கான கலங்களை விரைவில் அளந்தன. ஆனால் சுவாசப்பை நீரில் நிணநீர்க் கலங்கள் மலிந்திருக்க, புற்றுக்கலங்கள் சிலவே இருக்கலாம். பெருந்தொகையில் அச்சிறுதொகை மறைந்துவிடும். ஆதலாற் கண்ணாடித் தகட்டில் ஐயத்துக்குரிய கலங்களைத் தேர்ந்து, அருகிலுள்ள நிணநீர்க் கலங்களோடு ஒப்பிட்டு அளக்கும் படிமமுறை இந்நீருக்குச் சிறப்பாகப் பொருந்தியது. கண்ணுக்கு மாற்றாகக் கருதப்பட்ட அளவு, மீண்டும் கண்ணின் துணையையே நாடிற்று.

மேலும், அளவின் சாட்சியம் ஒருபக்கமாகவே வலிமை உடையது. புற்றுக்கலங்கள் சிலவற்றில் மொத்த டி.என்.ஏ. இயல்பளவை ஒட்டியே இருக்கும். நிறமூர்த்தத் துண்டுகள் இடமாறினும் மொத்த அளவு மாறாதிருக்கலாம். எனவே பிறழ்ந்த அளவு குற்றஞ்சாட்டும். இயல்பான அளவோ விடுதலை அளிக்காது. பிற்காலத்திற் பிறபொருளெதிரிகளைக் கொண்டு கலங்களின் மூலத்தை அறியும் சோதனைகள் முதலிடம் பெற்றமைக்கு இக்குறைபாடும் ஒரு காரணமாகும். எனினும் பொவேரியின் ஊகத்தை நோயாளியின் ஒரு துளி நீரிற் சோதிக்கத்தக்க அளவாக மாற்றியமை இம்முறையின் நிலையான பேறாகும்.