பி.டி. (இறையியல் பட்டம்)

பி.டி. அல்லது இறையியல் இளநிலைப் பட்டம் என்பது கிறித்தவத் திருச்சபைகளில் ஆயர் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் பயிலும் பட்டப்படிப்பு ஆகும். இந்தியாவில் தென்னிந்தியத் திருச்சபை, லூத்தரன் திருச்சபைகள், மெதடிஸ்டு திருச்சபை முதலிய சீர்திருத்தச் சபைகளிலும், கேரளத்தின் மார்த்தோமா, ஆர்த்தடாக்சு சபைகளிலும் ஆயர் பணிக்குரிய முதன்மையான கல்வித் தகுதியாக இது விளங்குகிறது. மேற்கு வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் ஆட்சிப் பேரவை (செனட்) இப்பட்டத்தை வழங்குகிறது. இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் உள்ள 50-க்கும் மேற்பட்ட இறையியல் கல்லூரிகள் இப்பேரவையுடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிப்பு தொடங்கிய காலம் முதல் இரண்டு கேள்விகள் இதனைத் தொடர்ந்து வந்துள்ளன. ஆயர் எந்த மொழியில் இறையியல் கற்க வேண்டும் என்பது முதலாவது. எத்தகைய மக்களோடு வாழ்ந்து அதனைக் கற்க வேண்டும் என்பது இரண்டாவது. தமிழகத்தில் இப்படிப்பின் வரலாறு பெரும்பாலும் இவ்விரு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளின் வரலாறே ஆகும்.

பெயரும் நிலையும்

இளநிலைப் பட்டம் என்று அழைக்கப்பட்டாலும், பெரும்பாலான மாணவர்கள் கலை, அறிவியல் அல்லது பொறியியலில் ஒரு பட்டம் பெற்ற பின்னரே பி.டி. பயிலச் செல்கின்றனர். இது பிரித்தானியக் கல்வி மரபிலிருந்து வந்த பெயர். அமெரிக்காவில் இதே படிப்பு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எம்.டிவ். எனப் பெயர் மாற்றம் பெற்று முதுநிலைப் பட்டமாகக் கருதப்படலாயிற்று. இந்தியாவில் செராம்பூர் முறையைப் பின்பற்றும் கல்லூரிகள் பழைய பெயரையே வைத்துள்ளன.

பி.டி.க்கு மேல் எம்.டிஎச். எனப்படும் இறையியல் முதுநிலைப் பட்டமும், அதற்கு மேல் முனைவர் பட்டமும் உள்ளன. பி.டிஎச். என்பது பள்ளிக்கல்வியை முடித்தவர்கள் நேரடியாகச் சேரக்கூடிய வேறொரு பட்டமாகும்.

வரலாறு

தரங்கம்பாடி முதல் சாயர்புரம் வரை

தமிழகத்தில் சீர்திருத்தச் சபையினரின் இறைப்பணிப் பயிற்சி செராம்பூருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியரான பர்த்தலோமேயு சீகன்பால்க், 1716-இல் அங்கு உள்ளூர்ப் பணியாளர்களை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தரங்கம்பாடி மிசனில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், சீர்திருத்தச் சபையின் முதல் இந்திய ஆயர் ஆவார்.

19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு மிசனும் தனக்கெனப் பயிற்சிப் பள்ளிகளை அமைத்தது. ஜி. யு. போப் 1840-களில் சாயர்புரத்தில் இத்தகைய பள்ளி ஒன்றை நடத்தினார். அமெரிக்க மதுரை மிசன் பசுமலையில் ஒன்றை நடத்தியது. இவற்றில் பயின்றோரில் பலர் ஆசிரியர்களாகவும் உபதேசியார்களாகவும் பணியாற்றினர். சிற்றூர்ச் சபைகளில் அன்றாட வழிபாட்டை நடத்தியவர்களும், எழுத்தறிவு புகட்டியவர்களும் பெரும்பாலும் பட்டம் பெறாத இந்த உபதேசியார்களே.

செராம்பூரும் டென்மார்க்கு அரச பட்டயமும்

வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818-இல் செராம்பூர் கல்லூரியை நிறுவினர். கிறித்தவர் அல்லாத இளைஞர்களும் அதில் சேரலாம் என்பதும், கீழைநாட்டு இலக்கியங்களும் ஐரோப்பிய அறிவியலும் ஒருங்கே கற்பிக்கப்படும் என்பதும் அவர்களது தொடக்கத் திட்டமாக இருந்தன.

அப்போது செராம்பூரும் தரங்கம்பாடியும் டென்மார்க்கு நாட்டின் ஆட்சிப் பகுதிகள். டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827-இல் வழங்கிய அரச பட்டயம், பட்டங்கள் அளிக்கும் உரிமையை இக்கல்லூரிக்குத் தந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் தோன்றுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன் இவ்வுரிமை கிடைத்தது குறிப்பிடத்தக்கது. 1845-இல் இரு ஊர்களும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோது, பட்டயம் தந்த உரிமைகளை ஒப்பந்தம் பாதுகாத்தது.

எனினும் அவ்வுரிமை நெடுங்காலம் பயன்படுத்தப்படவில்லை. ஜார்ஜ் ஹோவல்சு முதல்வராக இருந்த காலத்தில் உயர்நிலை இறையியல் வகுப்புகள் தொடங்கப்பட்டு, 1915-இல் முதல் பி.டி. பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் நிறைவேற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம், பல்வேறு சபைகளின் சார்பாளர்கள் இடம்பெறும் ஆட்சிப் பேரவையை உருவாக்கியது. இதன்வழி பிற ஊர்களில் உள்ள கல்லூரிகளும் இணைப்புப் பெற்றுத் தம் மாணவர்களை ஒரே பட்டத்திற்கு அனுப்ப முடிந்தது.

ஒன்றிணைந்த கல்லூரிகள்

பல மிசன்கள் இணைந்து 1910-இல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரியைத் தொடங்கின. அதன் முதல் முதல்வரான எல். பி. லார்சன் தமிழ் விவிலியத் திருத்தப் பணியிலும் ஈடுபட்டவர். வெவ்வேறு சபைகளின் மாணவர்கள் ஒரே வளாகத்தில் பயின்றது சபை ஒற்றுமைக்கு உதவியது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்குப் பின்புலமாக அமைந்தவற்றுள் இத்தகைய கூட்டுக் கல்வியும் ஒன்று. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியும் செராம்பூர் இணைப்புப் பெற்றதே.

சேர்க்கை

பட்டதாரிகளுக்குப் பி.டி. பொதுவாக நான்கு ஆண்டுப் படிப்பாகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகள். பி.டிஎச். பட்டம் பெற்றோர் இதனைக் குறைந்த காலத்தில் முடிக்கலாம்.

மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் மட்டும் சேர்க்கைக்குப் போதுமானவை அல்ல. ஆயர் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவரை அவரது சபையும் பேராயமும் தேர்ந்து பரிந்துரைக்க வேண்டும். அவ்வாறு அனுப்பப்படும் மாணவருக்குப் படிப்பு முடிந்தபின் பேராயத்தில் பணி கிடைக்க வாய்ப்பு உண்டு. பரிந்துரையின்றித் தாமாகச் சேர்வோருக்கு அத்தகைய உறுதி இல்லை.

பாடத்திட்டம்

பி.டி. பாடத்திட்டத்தின் முதன்மைப் பிரிவுகள் வருமாறு:

* பழைய ஏற்பாடு: நூல்களின் வரலாற்றுப் பின்னணி, பனுவல் ஆய்வு, எபிரேய மொழி
* புதிய ஏற்பாடு: நற்செய்தி நூல்கள், பவுலின் மடல்கள், கிரேக்க மொழி
* கிறித்தவ இறையியலும் அறவியலும்: கோட்பாடுகள், இந்தியக் கிறித்தவச் சிந்தனை, சமூக அறம்
* கிறித்தவ வரலாறு: உலகளாவிய வரலாறும் இந்தியத் திருச்சபை வரலாறும்
* சமயங்கள்: இந்து சமயம், இசுலாம், பௌத்தம், சமணம் முதலியன
* திருப்பணி: அருளுரைக் கலை, வழிபாடு, ஆற்றுப்படுத்துதல், கிறித்தவக் கல்வி
* சமூகப் பகுப்பாய்வு, பெண்ணியல், தகவல் தொடர்பு

பிற சமயங்களைப் பற்றிய படிப்பு இப்பாடத்திட்டத்தில் முக்கிய இடம் பெறுகிறது. அண்டை வீட்டார் பெரும்பாலும் வேறு சமயத்தவராக இருக்கும் நாட்டில், அவர்களது நூல்களையும் வழிபாட்டையும் அறியாத ஆயர் தம் பணியைச் செம்மையாக ஆற்ற இயலாது என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

மூல மொழிக் கல்வி பல மாணவர்களுக்குக் கடினமானது. ஆயினும் அதன் பயன் அருளுரை ஆயத்தத்தில் தெரியவரும். ஒரே வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பும், 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியமும் வெவ்வேறு சொற்களால் தரும்போது, அவ்வேறுபாட்டின் காரணத்தை மூலத்தைக் கொண்டு விளக்க மாணவர் கற்றுக்கொள்கிறார்.

பயிற்று மொழி

பி.டி. நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. அதற்கு அடுத்த நிலையில் இருந்த பட்டய, சான்றிதழ்ப் படிப்புகளே வட்டார மொழிகளில் நடத்தப்பட்டன. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. ஒன்று, ஆங்கிலவழிப் பட்டதாரிகள் உயர்ந்தவர்கள் எனவும் தமிழில் பயின்றோர் தாழ்ந்தவர்கள் எனவும் ஆயர்களிடையே ஒரு படிநிலை உருவாயிற்று. மற்றொன்று, ஆங்கிலத்தில் கற்ற கருத்துகளை ஞாயிறுதோறும் தமிழில் பேச வேண்டிய ஆயர், அவற்றுக்கு உரிய தமிழ்ச் சொற்கள் இன்றி இடர்ப்பட்டார்.

மதுரை அரசரடி

திருமறையூரில் இருந்த இறையியல் கல்லூரியும் லூத்தரன் சபைகளின் தமிழ்வழி இறையியல் பயிற்சியும் ஒன்றிணைந்து, 1969-இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தோன்றியது. இது மதுரை அரசரடியில் அமைந்துள்ளது. சாமுவேல் அமிர்தம் இதன் முதல் முதல்வர். பி.டி. படிப்பைத் தமிழ்வழியில் நடத்துவது இக்கல்லூரியின் சிறப்பாகும்.

தமிழ்வழிக் கல்விக்குப் பாடநூல்கள் தேவைப்பட்டன. 1858-இல் தோன்றிய கிறித்தவ இலக்கியச் சங்கம் உள்ளிட்ட பதிப்பகங்கள் இறையியல் நூல்களைத் தமிழில் வெளியிட்டன. ஆலோசனைப் பணியைக் குறிக்கும் "ஆற்றுப்படுத்துதல்" என்ற சொல் சங்க இலக்கிய மரபிலிருந்து எடுக்கப்பட்டு, இன்று தமிழகச் சபைகளில் இயல்பாக வழங்குகிறது.

இலங்கை

இலங்கையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பாப்டிஸ்டு சபைகள் இணைந்து 1963-இல் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரியை நிறுவின. இதுவும் செராம்பூருடன் இணைந்தது. இங்குச் சிங்களமும் தமிழும் பயிற்று மொழிகள். 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரின் காலத்திலும் இரு மொழி மாணவர்களும் ஒரே வளாகத்தில் தங்கிப் பயின்றனர்.

களப்பயிற்சி

வகுப்பறைக் கல்வியுடன் களப்பணியும் பி.டி.யின் பகுதியாகும். மாணவர்கள் வார இறுதிகளில் சபைகளுக்குச் சென்று அருளுரை ஆற்றுதல், ஞாயிறு பள்ளி நடத்துதல், நோயாளிகளைச் சந்தித்தல் ஆகியவற்றில் ஈடுபடுகின்றனர். விடுமுறைக் காலங்களில் மருத்துவமனைகளிலும் சிற்றூர்ச் சேகரங்களிலும் பயிற்சி பெறுவதுண்டு.

அரசரடிக் கல்லூரி இதனை மேலும் விரிவாக்கியது. மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதிக் காலத்தில் வளாகத்தை விட்டு வெளியேறி, நகரின் குடிசைப் பகுதிகளில் மக்களோடு தங்கி வாழ வேண்டும் என்ற முறையை அது கொண்டுவந்தது. தண்ணீர், வாடகை, கூலி ஆகியவை அம்மக்களுக்கு அன்றாடச் சிக்கல்களாக இருப்பதை மாணவர் நேரில் காண்கிறார். இதனால் விவிலியத்தை அவர் வாசிக்கும் முறையும் மாறும் என்பது இம்முறையின் நோக்கம்.

தலித் இறையியல்

இந்தியக் கிறித்தவர்களில் பெரும்பான்மையினர் தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஆயினும் இறையியல் பாடங்களில் அவர்களது வாழ்க்கை நெடுங்காலம் இடம்பெறவில்லை. 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பின்னர் அவர் சென்னை குருகுல் கல்லூரியில் இத்துறையை வளர்த்தார்.

அரசரடியில் ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), "பறட்டை" என்ற பெயரால் அறியப்பட்டவர். கிராமிய இசையையும் பேச்சுத் தமிழையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். செந்தமிழும் கர்நாடக இசையும் மேலைநாட்டுப் பாமாலைகளும் மட்டுமே வழிபாட்டிற்கு உரியவை என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். அனைவரும் ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்ண வேண்டும் என்பது அவரது இறையியலின் மையக் கருத்து. பறை முதலிய இசைக்கருவிகளைக் கற்பது இதன் பின்னணியில் மாணவர்களின் பயிற்சியில் இடம்பெற்றது.

பெண்கள்

ஆயராகும் வாய்ப்பு இல்லாத காலத்திலும் பெண்கள் இறையியல் பயின்றனர். அவர்கள் விவிலியப் பணியாளர்களாகவும் ஆசிரியைகளாகவும் நியமிக்கப்பட்டனர். தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் முதன்முறையாகப் பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. எல்லாச் சபைகளும் இதனை ஏற்கவில்லை. எனவே ஒரே வகுப்பில் ஒரே பட்டம் பெறும் இருவரில், ஆணுக்குத் திறந்துள்ள பணி பெண்ணுக்குத் திறக்குமா என்பதை அவரது சபையே தீர்மானிக்கிறது.

பட்டமும் குருப்பட்டமும்

பி.டி. பட்டம் பெறுவதும் குருப்பட்டம் பெறுவதும் வேறு வேறானவை. முன்னது கல்வித் தகுதி. அதனை ஆட்சிப் பேரவை வழங்குகிறது. பின்னது திருநிலை, அதனைத் திருச்சபை வழங்குகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் பட்டம் பெற்றவர் சிறிது காலம் ஒரு மூத்த ஆயரின் கீழ்ப் பணியாற்றுவார். பின்னர் முதலில் உதவி ஆயராகவும் (டீக்கன்) அடுத்து ஆயராகவும் பேராயரால் திருநிலைப்படுத்தப்படுவார். ஆயரைக் குருவானவர், போதகர், ஐயர் என்றும் ஊருக்கேற்ப அழைப்பர்.

பட்டம் பெற்ற அனைவரும் ஆயராவதில்லை. சிலர் கல்லூரி ஆசிரியர்களாகவும், தொண்டு நிறுவனப் பணியாளர்களாகவும், எழுத்தாளர்களாகவும் பணியாற்றுகின்றனர்.

பிற சபைகளில்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவப் பயிற்சி குருமடங்களில் நடைபெறுகிறது. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் மறைமாவட்டந்தோறும் குருமடம் அமைக்க ஆணையிட்டது. மெய்யியலும் இறையியலும் தனித்தனிக் கட்டங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893-இல் கண்டியில் நிறுவிய குருமடம் 1955-இல் புனேவுக்கு மாற்றப்பட்டது. திருச்சிராப்பள்ளியிலும் பூந்தமல்லியிலும் குருமடங்கள் உள்ளன.

நற்செய்தி இயக்கங்களைச் சார்ந்த கல்லூரிகள் பலவும் ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்று, எம்.டிவ். பட்டத்தை வழங்குகின்றன.

விமர்சனங்கள்

* படிப்பின் பெரும்பகுதி தேர்வை மையமாகக் கொண்டது என்றும், சேகர நிர்வாகம், கணக்கு, சச்சரவுத் தீர்வு போன்ற அன்றாடப் பொறுப்புகளுக்குப் போதிய பயிற்சி இல்லை என்றும் கூறப்படுகிறது.
* விவிலியத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் முறை மாணவர்களின் பக்தியைக் குறைக்கிறது என்பது சபையாரில் ஒரு சாராரின் குறை. கேள்விகளை வகுப்பறையில் எதிர்கொண்டவரே சபையாரின் ஐயங்களுக்குப் பொறுமையுடன் விடை கூற முடியும் என்பது ஆசிரியர்களின் மறுமொழி.
* பட்டதாரி ஆயர்கள் நகரச் சபைகளையே விரும்புகின்றனர் என்றும், சிற்றூர்களில் உபதேசியார்கள் ஆற்றிய பணிக்கு உரிய மதிப்பும் கல்வி வாய்ப்பும் கிடைக்கவில்லை என்றும் சுட்டப்படுகிறது. செராம்பூர்ப் பேரவை பொதுநிலையினருக்காக நடத்தும் பி.சி.எஸ். போன்ற புறநிலைப் படிப்புகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

இவற்றையும் பார்க்க

* செராம்பூர் கல்லூரி
* தமிழ்நாடு இறையியல் கல்லூரி
* தென்னிந்தியத் திருச்சபை
* பர்த்தலோமேயு சீகன்பால்க்
* தலித் இறையியல்
* திருவிவிலியம்